தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை

முதல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபோது, பசிக்கிறது போலிருக்கிறது என்றுதான் தாயுமானவன் நினைத்தார். ஒரு சிட்டிகைத் தீனி கூடுதலாகவே போட்டார். தீனி மிதந்துகொண்டே கிடந்தது. மீன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வண்டி கொஞ்சம் தாமதமானாலே எழுந்து இங்குமங்கும் நடக்கிற சுபாவம். அன்றைக்கு நடந்த நடைக்கு அவர் பார்த்த தாமதம் எதுவும் உறை போடக் காணாது.

உறையூரில் மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் நீல நிறத் தொட்டி, அதில் ஜிலேபிக் கெண்டைகள். தொட்டியின் தலைமேல் ஒரு தட்டு, தட்டு நிறையக் களிமண் உருண்டைகள், உருண்டைகளுக்குள் வேர்விட்ட கீரை. மீனின் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். உருண்டைகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் கழிவை உரமாக்கிக் கீரைக்குக் கொடுக்கும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனிடமே இறங்கும். இப்படியொரு தொட்டி இந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் மற்ற வீடுகளில் அதில் வளர்வது பொரியலுக்கு. இவர் வீட்டில் வளர்வது மனைவி குழலியின் உயிர்.

அது தொடங்கிய கதையையும் சொல்லிவிட வேண்டும். குழலிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற வியாதி. முதலில் இடது கண்ணிமை சரியும். பிறகு குரல் மூக்கால் வரும். அப்புறம் சீப்பைத் தூக்கக் கை வராது. கடைசியில் மூச்சு.

"இதுக்கு மாத்திரை இருக்குன்னு சொன்னாங்களே டாக்டர்?" என்று தாயுமானவன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டார்.

"இருந்துச்சு. இப்ப செய்யறத நிறுத்திட்டாங்க. எல்லாம் கீரைதான். உங்க வீட்டம்மா ரத்தத்த எடுத்து, அவங்க உடம்புக்குன்னே ஒரு விதை பண்ணிக் குடுப்பாங்க. தினம் ஒரு கைப்பிடி. கூட்டு வச்சாலும் சரி, கடைஞ்சாலும் சரி."

"வேற யாராவது தெரியாம சாப்பிட்டுட்டா?"

"ஒத்துக்காது. உயிருக்கே கூட ஆபத்து. அவங்க கீரை அவங்களுக்கு மட்டும்தான். இன்னொண்ணு, மீனுக்கு சீக்கு வந்தா எந்த மருந்தும் போடக் கூடாது. மீனுக்குப் போடறது கீரைக்குப் போகும், கீரைக்குப் போறது அம்மாவுக்குப் போகும். மருந்து உண்டாகறதே அந்த உருண்டையில இருக்கற கிருமியாலதான். அது செத்துச்சுன்னா கீரை முளைக்கும், ஆனா வெறும் கீரைதான்." டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சுருக்கமா, தண்ணிய நீங்க பாத்துக்குங்க. மத்தத தண்ணி பாத்துக்கும்."

தாயுமானவன் பார்த்துக்கொண்டார். கோயில் குளத்தைக்கூட ஊர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. தொட்டியின் பக்கத்தில் ஒரு பலகையில் விளக்குகள் உண்டு. அம்மோனியாவுக்கு ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று, தண்ணீரின் அமில காரத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. எல்லாம் பச்சையாக எரிந்தால் அவருக்குக் காப்பி ருசிக்கும். குழலியும் இமை நிமிர்ந்து, குரல் தெளிந்து, பழையபடி அவரை அதட்டத் தொடங்கியிருந்தாள்.

இப்போது மீன் வாயைத் திறக்கிறது. விளக்குகள் அத்தனையும் பச்சை.

நிறுவனத்தின் உதவி எண்ணில் ரிஸ்வானா என்ற பெண் பேசினாள். பொறுமைசாலி. தொட்டியின் அளவுகளெல்லாம் அவள் திரையிலும் தெரியும்.

"எல்லாமே பச்சையா இருக்கே சார்."

"பச்சையாத்தாம்மா இருக்கு. மீன்தான் செத்துக்கிட்டு இருக்கு."

"தீனிய நிறுத்துங்க. காத்துக் கல்லு இன்னொண்ணு போடுங்க. மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டுப் புதுத் தண்ணி விடுங்க. குழாய்த் தண்ணிய நேரா ஊத்திராதீங்க, குளோரின் இருக்கும். புடிச்சு ஒரு நாள் வச்சு ஊத்தணும்."

"அது எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தானே செய்யறேன்."

செய்தார். மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. மற்றவை மூலையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. செவுள்களில் ஏதோ வழவழவென்று படிந்திருந்தது. மறுபடி ரிஸ்வானா. மறுபடி தண்ணீர் மாற்றம், இந்த முறை பாதி. அதற்கு அடுத்த நாள் இன்னும் நான்கு. குழாயில் எதுவும் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தார். மோட்டாரைக் கழுவினார். வெயில் விழாமல் குழலியின் பழைய சேலையைக் கட்டிவிட்டார். கீழ் வீட்டு வசந்தா மாமி, கண் பட்டிருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, குழலி குளிக்கப் போன சமயம் பார்த்து ஒரு எலுமிச்சம்பழத்தால் தொட்டியைச் சுற்றிப் போட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

"என்னையக் கூட நீங்க இப்படிப் பாத்ததில்ல" என்றாள் குழலி. பால்கனிக் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அந்த மீனுக்கு வாழ்வுதான்."

"நீ சும்மா இரு. நேத்து கீரைய முழுசா சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஒரு மாதிரி காறல் அடிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய இடது இமை, விழியின் பாதிவரை இறங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. தெரியாமலே அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று. இனி செய்ய என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒரு மனிதன் அறுபத்தொரு வயதில் மீன் தொட்டியின் முன்னால் அழுகிறான் என்றால் சிரிப்பார்கள்தான். சிரித்தால் சிரிக்கட்டும்.

அம்மோனியா விளக்கு மஞ்சளானது. அதாவது, உருண்டைகளில் இருந்த கிருமிகளும் சாகத் தொடங்கிவிட்டன. கீரையின் வேர் பழுப்பேறியிருந்தது.

அன்றைக்கு ரிஸ்வானா வீடியோவில் வந்தாள். "சார், எனக்கும் புரியல. நீங்க தண்ணி மாத்தறத ஆரம்பத்துலேர்ந்து ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

தாயுமானவன் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினார். கைப்பேசியைக் குழலியிடம் கொடுத்துவிட்டு, சமையலறை மூலையிலிருந்து தண்ணீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழலியின் அப்பா சீராகக் கொடுத்தது. அதன் கழுத்தில் மாமனார் பெயரின் முதல் எழுத்துகள் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, காலை வெயிலில் கண் கூசும்படி அதை வைத்திருந்தார். முன்பெல்லாம் பிளாஸ்டிக் வாளியில்தான் பிடித்து வைத்திருந்தார். போன மாதம் வாளி விரிசல் விட்டது. வாளி வாங்கக் கடைக்குக் கிளம்பியவரை ஒரு எண்ணம் நிறுத்தியது. குழலியின் மருந்துக்குப் போகிற தண்ணீர், அதைப் போய் பிளாஸ்டிக்கில் வைப்பதா? பரணிலிருந்து தவலையை இறக்கினார்.

மறுமுனையில் ரிஸ்வானா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"என்னம்மா, நல்லாத் தெரியுதா?"

"சார். அது செம்பா?"

"அசல் செம்பு. உடம்புக்கு நல்லதாச்சே."

"மனுஷனுக்கு நல்லது சார்." அவள் குரல் இறங்கிவிட்டது. "மீனுக்கு விஷம். கிருமிக்கும் விஷம். புளி போட்டுத் தேய்ச்சா இன்னும் சீக்கிரமா கரையும். நம்ம பலகையில செம்பப் பாக்க விளக்கு கிடையாது. இத செஞ்சவங்க எந்த ஊருக்காரங்களோ. வீட்டுல செம்புல தண்ணி வைப்பாங்கன்னு யோசிச்சிருக்க மாட்டாங்க."

மீன் வாடியபோதெல்லாம் தண்ணீரை மாற்றினார். மாற்றிய தண்ணீர் அத்தனையும் அந்தத் தவலையிலிருந்து. அவர் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாரோ அவ்வளவு வேகமாக அவை செத்தன. ஒரு சோம்பேறியின் கையில் அந்தத் தொட்டி இருந்திருந்தால் பிழைத்திருக்கும். தாயுமானவன் தவலையைக் கீழே வைத்தார். வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள் குழலி. குரல் மூக்கால் வந்தது. "நல்லது குடுக்கணும்னுதானே செஞ்சீங்க. விடுங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

தொட்டியைக் கழுவி, உருண்டைகளைத் தூக்கி எறிந்தாக வேண்டும். மீன் எந்தக் கடையிலும் கிடைக்கும். கிருமி கிடைக்காது. நிறுவனம் புதிய உருண்டைகள் அனுப்ப இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். தவலையை இறக்குவதற்கு முன் பறித்துக் குளிர்பெட்டியில் வைத்த பழைய கீரை ஒரு வாரத்துக்குத்தான் வரும். குழலியின் செடியிலிருந்து நல்ல தண்டுகளாக வெட்டி, கேன் தண்ணீரில் நிறுத்தி வைத்தார்கள். வேர் பிடித்தாலும், அதில் மருந்து ஊற உயிருள்ள உருண்டை வேண்டும்.

சாயங்காலம் ரிஸ்வானா தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாள்.

"நான் இத சொல்லக் கூடாது சார். சொன்னேன்னு தெரிஞ்சா வேல போயிரும். பொன்மலையில ஒரு வீடு இருக்கு. தேவசகாயம்னு பேரு. ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு. அவங்க வீட்டம்மாவுக்கும் இதே வியாதி. உங்க தொட்டியில இருக்கற அதே வகைக் கிருமிதான். அவங்க தொட்டி மாதிரி நான் பாத்ததே இல்ல சார். ஒரு நாள் கூட மஞ்சள் எரிஞ்சதில்ல."

"கேட்டா குடுப்பாங்களா?"

"கால் பங்கு உருண்டை எடுத்தா அவங்களுக்குப் பாதகமில்ல. ஆனா கால் பங்கு உங்க தட்டு முழுக்கப் பரவ மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் குழலி தாங்குவாளாம்மா?"

"அது எனக்குத் தெரியாது சார். எனக்குத் தண்ணி மட்டும்தான் தெரியும்."

மறுநாள் காலை, வாளிகளையும் சாக்குகளையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு தாயுமானவன் பொன்மலைக்குப் போனார். சந்தைத் திடலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. தேவசகாயம் ஒல்லியான, உயரமான மனிதர். கதவைப் பாதிதான் திறந்தார். ஆனால் தாயுமானவன் சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. தவலைக் கதை வந்தபோது "அடப் பாவமே" என்றார். உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"அவங்க எங்க?" என்றார் தாயுமானவன். வீடு பெருக்கித் துடைத்து அமைதியாக இருந்தது. "உங்க வீட்டம்மா?"

"ஜெபசீலி உள்ள படுத்திருக்கா. அசதி. எழுப்ப வேணாம்." தேவசகாயம் வாளியை எடுத்துக்கொண்டார். "கால் பங்குதானே? தாராளமா எடுத்துக்குங்க. பின்னாடி வாங்க."

பின்கட்டில் தொட்டி. விளக்குகள் வரிசையாகப் பச்சை. தண்ணீரில் ஊசி விழுந்தாலும் தெரியும். கெண்டைகள் பளபளவென்று சுற்றி வந்தன. தாயுமானவனுக்குப் பொறாமையாகவே இருந்தது. பிறகுதான் நிமிர்ந்து தட்டைப் பார்த்தார்.

கீரை இடுப்புயரம் வளர்ந்திருந்தது. தண்டெல்லாம் முற்றி, உச்சியில் வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூ.

அவர் வீட்டுக் கீரை ஒரு நாளும் பூத்ததில்லை. தினம் ஒரு கைப்பிடி பறிக்கிற செடிக்குப் பூக்க நேரம் ஏது? அதற்குப் பூ உண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். அந்தப் பூவையும் தேவசகாயத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப சார்?" என்றார்.

தேவசகாயம் வாளியைக் கீழே வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு கேள்விக்கே ஓய்ந்துவிட்டார்.

"லெந்து நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. காலைல காப்பி எடுத்துட்டுப் போனேன். முந்தின நாள் பூரா நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா."

"கம்பெனிக்குத் தெரியாதா?"

"அவங்க தண்ணியத்தான் பாப்பாங்க. தண்ணி சரியா இருந்தா போன் பண்ண மாட்டாங்க. தெரிஞ்சா வந்து தொட்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க சார்." அவர் ஒரு பூங்கொத்தைத் தொட்டு நிமிர்த்தினார். "இது அவ ரத்தத்துலேர்ந்து வந்தது. உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது."

"தொட்டியில ஏதாவது கோளாறா? தண்ணி கெட்டுப் போச்சா?" தாயுமானவனின் குரல் அவருக்கே கெஞ்சலாகக் கேட்டது. ஆமாம் என்று அந்த மனிதர் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"தொட்டிக்கு ஒரு குறையும் இல்ல. கீரை ஒரு நாள் தப்பாம சாப்பிட்டா. எல்லாம் பச்சைதான். அவதான் போயிட்டா."

பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தாயுமானவன் இத்தனை நாள் எதைப் பார்த்துக் காப்பி குடித்தாரோ, அதே பச்சை. அதை நம்பித்தான் அவர் உறங்கினார், எழுந்தார். அதை விட்டால் பிடித்துக்கொள்ள அவரிடம் வேறெதுவும் இல்லை. தேவசகாயம் தட்டின் ஓரத்திலிருந்து கவனமாக, வேர் அறுபடாமல் உருண்டைகளை அள்ளி வாளியில் போட்டார். ஒரு வாளி நிறைந்தது. கால் பங்கு.

"போதுமா சார்?"

போதும் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிற மனிதர்தான் தாயுமானவன். நாற்பது பேர் பார்க்க ஓட்டுநரைக் கடிந்துகொண்டாலும் பிறகு தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பவர். ஆனால் மூன்று வாரம் என்ற சொல் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முழுத் தட்டும் கிடைத்தால் பரவக் காத்திருக்க வேண்டாம். தண்டை ஊன்றினால் இந்த வாரமே துளிர்க்கும்.

"எல்லாத்தையும் குடுங்க" என்றார்.

தேவசகாயம் புரியாமல் பார்த்தார்.

"எல்லா உருண்டையும். மீனையும்." வாய் தானாகப் பேசியது. "சாப்பிட இங்க யாரும் இல்லையே, சார்."

சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. பெற வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வெளியே ஆட்டோக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு எந்த அளவுக்கு வந்திருக்கு?" என்று தேவசகாயம் கேட்டார்.

"கண்ணு சரிஞ்சிருச்சு. நேத்துலேர்ந்து குரலும்."

தேவசகாயம் தலையை ஆட்டினார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தாயுமானவன் உதவிக்குக் கை நீட்டியபோது அவர் தடுத்தார்.

"நீங்க தொடாதீங்க. நானே எடுக்கறேன்."

ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினார். பிடுங்கியதை உதறி, வேரில் ஒட்டிய உருண்டைகளைச் சாக்கில் தட்டிவிட்டு, செடியைத் தரையில் விரித்த செய்தித்தாளில் கிடத்தினார். அவசரப்படவில்லை. தாயுமானவன் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் விளக்குகள் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகின. உள்ளே எங்கோ தேவசகாயத்தின் கைப்பேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அதற்குப் பின்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் தாயுமானவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போங்க சார், தண்ணி இல்லாம ரொம்ப நேரம் வைக்காதீங்க" என்று தேவசகாயம் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து சாக்குகளையும் மீன் வாளிகளையும் இறக்கியபோது குழலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முயன்றாள். ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இவ்வளவா குடுத்தாங்க? அவங்களுக்கு வேணாமா?"

"அவங்ககிட்ட நிறைய இருக்கு."

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

தாயுமானவன் உருண்டைகளைத் தட்டில் கொட்டிப் பரப்பினார். மேடு பள்ளம் இல்லாமல் உள்ளங்கையால் சமன் செய்தார். வெட்டி வைத்த தண்டு ஒன்றை எடுத்து ஊன்றினார்.

"நல்லா இருக்காங்க."

"கண்ணெல்லாம் நல்லாத் தெறக்குதா?"

"ம். நல்லா இருக்காங்க. உன்னக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

குழலிக்கு அப்படியொரு நிம்மதி. அந்த முகத்தில் அதைப் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, மூக்கால் வரும் குரலில் மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு சரியானதும் ஒரு நா போய் அவங்களப் பாத்துட்டு வரணுங்க. வெறுங்கையோட போகக் கூடாது. அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

மோட்டார் ஓடத் தொடங்கியது. புது மீன்கள் கீழே ஒரு மூலையில் கூட்டமாக நின்றன. மேலே வரவில்லை. இன்னும் வரவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றார் தாயுமானவன்.